வளையம் கோடாகும் நாட்கள்

முள்ளியவளை
06.11.2025

அரிசி ஆலை உரிமையாளர் திருமதி ஸாலிஹா அவர்களுக்கு,

உங்கள் மில்லுக்கும் என் வீட்டுக்கும் இடையில் ஒரு வயல் துண்டும் ஒரு கம்பி வேலியும்தான். அப்படியிருக்க முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறாளே என்று நினைப்பீர்கள். சென்ற மாதம் வேலியடியில் நின்று உங்கள் மகன் றம்சீனோடு நான் புகை பற்றிச் சத்தம் போட்டது உங்களுக்குத் தெரியும். வாயால் கதைத்தால் எனக்குக் கோபம் முந்திவிடுகிறது. எழுதினால் கொஞ்சம் மரியாதையாக இருப்பேன். உப தபாலகத்தில் பதினொரு வருடமாக மற்றவர்களின் கடிதங்களுக்கு முத்திரை குத்துகிறேன். எனக்கென்று எழுதுவது குறைவு.

என் முற்றத்தில் சீமெந்துத் தூணின்மேல் நிற்கும் நீலக் குழாய் என்னவென்று ஊரில் பலவிதமாகக் கதைக்கிறார்கள். அது தொலைநோக்கி. உள்ளே எட்டங்குலக் கண்ணாடி இருக்கிறது. அதில் சிறிய கமரா பூட்டி நிலாவையும் கிரகங்களையும் படம் எடுக்கிறேன்.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். நேற்றைய பறுவம், முழு நிலா. இந்த வருடத்தில் நிலா பூமிக்கு மிகக் கிட்ட வந்த பறுவம் அதுதான். உங்கள் புகைபோக்கிக்கு மேலால்தான் எழும்பியது. நிலாவின் ஓரத்தைப் பாருங்கள், பல்லுப் பல்லாக நெளிந்திருக்கிறது. நிலாவில் பிழையில்லை. நெல் அவிக்கிற அடுப்பிலிருந்து எழும்பும் சூட்டுக் காற்று அதற்குக் குறுக்கே போகிறது. வாடைக்காற்றுத் தொடங்கியதிலிருந்து உமிச் சாம்பல் என் கண்ணாடியில் படிகிறது. மெஷின் ஓடும்போது தூணும் மெல்ல நடுங்குகிறது.

இம்மாதம் 20 முதல் 25 வரை, பின்னேரம் ஆறரை தொடக்கம் எட்டு மணி வரை, அடுப்பையும் மெஷினையும் நிறுத்தி வைக்க முடியுமா? சனிக் கிரகத்தின் வளையம் அந்த நாட்களில் எங்களுக்கு விளிம்பாகத் திரும்புகிறது. ஒரு தட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்தால் கோடாகத்தானே தெரியும், அதுபோல. பதினாறு வருடத்துக்குப் பிறகு வருகிறது. ஆறு நாள், ஒன்றரை மணித்தியாலம். வேறொன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
சு. ஜெயரூபி

~

தண்ணீரூற்று வீதி, முள்ளியவளை
09.11.2025

ஜெயரூபி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நிலாப் படமும் கிடைத்தது. நல்ல நிலா.

கார்த்திகை மாதத்தில் ஒரு மில்காரிக்கு என்ன வேலை என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போல. மழைக்கிடையில் ஒரு நாள் வானம் வெளித்தால் அன்றிரவு நெல் அவிப்பேன். இரவு அவித்தால்தான் விடியத் தளத்தில் பரப்பிக் காயவைக்கலாம். ஊறப்போட்ட நெல் மூன்று நாள் கிடந்தால் புளித்து மணக்கும். அந்த அரிசியை மாடும் தின்னாது. வானம் வெளிக்கிற பின்னேரம் உங்களுக்குப் படம், எனக்கு நெல். இரண்டு பேருக்கும் வேண்டியது ஒரே பின்னேரம். அதை நான் விட்டுத்தர வேண்டுமென்று கேட்கிறீர்கள்.

இன்னொன்று. மரியாதையாக எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். இந்த மில்லின் அனுமதியை ரத்துச் செய்யச் சொல்லிப் பிரதேச சபைக்கு ஒரு மனுப் போயிருக்கிறது. அதன் பிரதி என் மேசையில் இருக்கிறது. பதினான்கு கையெழுத்து. ஏழாவது உங்களுடையது. ஒரு கையால் மில்லை மூடச் சொல்லி எழுதிவிட்டு மற்றக் கையால் ஒன்றரை மணித்தியாலம் கேட்கிற ஆளுக்கு நான் என்ன பதில் எழுத?

அடுப்பு எரியும்.

ஸாலிஹா

~

11.11.2025

ஸாலிஹா அவர்களுக்கு,

ஏழாவது கையெழுத்து என்னுடையதுதான். மறுக்கவில்லை.

ஐப்பசி நடுவில், மனுவுக்குக் கையெழுத்துச் சேர்த்த குகதாசன் அண்ணை அதைத் தபாலகத்துக்குக் கொண்டுவந்தார். ஓய்வூதிய நாள், கவுன்டருக்கு முன்னால் வரிசை நின்றது. முதல் பக்கத்தில் புகையும் உமிச் சாம்பலும் என்று இருந்தது. எனக்கும் அதுதானே பிரச்சினை என்று கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் பக்கத்தைத் திருப்பவில்லை. அனுமதியை ரத்துச் செய்யச் சொன்னது அந்தப் பக்கத்தில்தான் என்று உங்கள் கடிதத்தைப் பார்த்தபின் போய்க் கேட்டு அறிந்தேன். "வாசிச்சுப் போட்டுக் கையெழுத்து வையுங்கோ" என்று ஒவ்வொரு நாளும் ஆட்களுக்குச் சொல்கிறவள் நான். எனக்கு வேறு நியாயம் இல்லை.

இதை எழுதாமல் விட்டு முதற் கடிதத்தை எழுதியதும் பிழை. மனு பெரிய விஷயமாகாது என்று நினைத்திருந்தேன்.

சனியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மன்றாட்டமாக அல்ல. 2009 புரட்டாதியில், யுத்தம் முடிந்த பிறகு, அம்மாவும் நானும் வவுனியா முகாமில் இருந்தோம். எனக்குப் பதினேழு வயது. பருப்புச் சுற்றி வந்த பத்திரிகைத் துண்டில், இந்த மாதம் சனியின் வளையம் மறைகிறது, அடுத்தது 2025 என்று இருந்தது. ஒவ்வொரு பின்னேரமும் கூடாரத்துக்கு வெளியே நின்று தேடினேன். முகாமைச் சுற்றிப் போட்டிருந்த வெளிச்சம்தான் மறைக்கிறது என்று நினைத்தேன். பிறகு படித்தபோது தெரிந்தது, அந்த மாதம் சனி சூரியனுக்குப் பக்கத்தில் இருந்தது, உலகத்தில் எவராலும் பார்த்திருக்க முடியாது. ஆனால் அந்த வயதில் நான் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். மற்றதையெல்லாம் மற்றவர்கள் தீர்மானித்த காலம் அது. இதை நான் தீர்மானித்தேன். 2025இல் சொந்த முற்றத்தில் நின்று பார்ப்பேன், படமும் எடுப்பேன் என்று.

ஜெயரூபி

~

14.11.2025

ஜெயரூபி அவர்களுக்கு,

விளக்கம் கிடைத்தது. எனக்கும் சில கேள்விகள்.

ஒன்று, நான் அவித்து முடிக்கப் பதினொரு மணியாகும். அதற்குப் பிறகு ஏன் எடுக்க முடியாது? சனி ஓடிவிடுமா?

இரண்டு, வேறு இடத்துக்குக் கொண்டுபோய் எடுக்க ஏலாதா?

மூன்று, 19ஆம் திகதி காலை பத்து மணிக்குப் பிரதேச சபையில் விசாரணை. மனுப் போட்டவர்களும் வருவார்கள். எனக்கு எழுதியதை அங்கே வந்து சொல்வீர்களா? கடிதத்தில் சொல்வது லேசு. ஒரு வயல் துண்டுக்கு இரு பக்கமும் உங்களுக்கும் எனக்கும் மட்டும்தானே அது தெரியும்.

ஸாலிஹா

~

20.11.2025

ஸாலிஹா அக்காவுக்கு,

பதினொரு மணிக்குச் சனி என் வீட்டுப் பலாமரத்துக்குள் இறங்கிவிடும். (மரத்தை வெட்டு என்று எழுத வேண்டாம். அது அம்மா நட்டது.) குழாயும் தாங்கியும் சேர்த்து அறுபது கிலோவுக்கு மேல், என்னிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டி. இரண்டு கேள்விக்கும் பதில் அவ்வளவுதான்.

மூன்றாவதற்கு நேற்று வந்து பதில் சொன்னேன். விசாரணை முடிந்ததும் நீங்கள் ஒரு வார்த்தையும் கதைக்காமல் றம்சீனின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டீர்கள். நான் வாசலில் நின்றேன். நீங்கள் கோபமா இல்லையா என்று தெரியவில்லை.

ஒன்றை மட்டும் தெளிவாக எழுத வேண்டும். என் கையெழுத்தை நான் திருப்பி எடுத்தது அடுப்பை நிறுத்துவீர்கள் என்ற கணக்கில் அல்ல. அப்படி ஒரு நினைப்பு உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காக, 06ஆம் திகதி கேட்டதையும் இத்தோடு திருப்பி எடுக்கிறேன். நீங்கள் வழமைபோல அவியுங்கள். நான் என் பாட்டில் முயற்சி செய்வேன். புகைக்கிடையிலும் எடுப்பேன். கமரா ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான படங்களை எடுக்கும். நெளியாத நூறு கிடைத்தால் போதும், அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடலாம். நேற்றிரவு மூவாயிரம் எடுத்தேன். நெளியாதது பதினொன்றுதான் கிடைத்தது. இன்றும் எடுப்பேன்.

குகதாசன் அண்ணை இன்று முத்திரை வாங்க வந்தார். என்னோடு கதைக்காமல் விரலால் காட்டி வாங்கினார். போகும்போது பக்கத்தில் நின்றவரிடம், "சனியைத் தேடிப் போனால் சனி பிடிக்கும்தானே" என்று எனக்குக் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். பரவாயில்லை.

ஜெயரூபி

~

22.11.2025

ஜெயரூபிக்கு,

23, 24 இரண்டு நாளும் பின்னேரம் அடுப்பு மூட்டமாட்டேன். விடியப்புறம் மூன்று மணிக்கு மூட்டி, சுபஹ் தொழுகைக்கு முன் அவித்து முடிக்கிறேன். மெஷினும் ஓடாது. றம்சீனிடம் சொல்லிவிட்டேன், நாளை ஞாயிறு என்பதால் இதையும் அவன் கையில்தான் தந்துவிடுகிறேன்.

நீங்கள் கேட்டதைத் திருப்பி எடுத்துவிட்டீர்கள். ஆகையால் இது நீங்கள் கேட்டுத் தந்ததல்ல. நானாகத் தருவது.

கண்ணாடியைத் துடைத்து வையுங்கள்.

ஸாலிஹா

~

25.11.2025

ஸாலிஹா அக்காவுக்கு,

இரண்டு பின்னேரமும் முகில். 23ஆம் திகதி ஏழு மணியளவில் ஒரு இடைவெளி வந்தது. குழாயைத் திருப்பிக் குவியம் சரிசெய்வதற்குள் மூடிவிட்டது. 24 முழுக்கத் தூறல். உங்கள் பக்கம் அடுப்பு இருட்டாகக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன். அவ்வளவு அமைதியாக அந்தப் பக்கத்தை நான் பார்த்ததில்லை. எனக்கு அது சந்தோஷமாக இருக்கவில்லை.

விடிய அவித்த நெல்லுக்கும் வெயில் கிடைக்கவில்லை என்று றம்சீன் தபாலகத்தில் வைத்துச் சொன்னார். ஒரு பங்கு மணக்கத் தொடங்கிவிட்டதாம். நீங்கள் இதை எனக்கு எழுதமாட்டீர்கள் என்பதால்தான் அவரிடம் கேட்டு அறிந்தேன். மன்னிப்பு என்று எழுதினால் கோபிப்பீர்கள். ஆனாலும் எழுதுகிறேன்.

இனிமேல் எனக்காக ஒரு பின்னேரமும் நிறுத்த வேண்டாம். வளையம் மிக மெல்லிசாக இருந்த நாள் போய்விட்டது. ஆனால் அது மெதுவாகத்தான் திறக்கும். டிசம்பர் முதல் கிழமையிலும் அநேகமாகக் கோடுதான். நான் விடவில்லை.

வானொலியில் பெரிய மழை, காற்று என்கிறார்கள். உங்கள் களஞ்சியம் பள்ளத்தில் இருக்கிறது. கீழ் அடுக்கு மூட்டைகளை உயர்த்தி வையுங்கள்.

ஜெயரூபி

~

02.12.2025

ஜெயரூபிக்கு,

கையில் எழுத வருகிறதில்லை. மூன்று நாள் மூட்டை தூக்கி விரலெல்லாம் வீங்கியிருக்கிறது. உங்கள் கையும் அப்படித்தான் இருக்கும்.

வெள்ளம் களஞ்சியத்துக்குள் முழங்காலுக்கு நின்றபோது நீங்கள் வேலியை வெட்டிக்கொண்டு வந்தீர்கள். அதைப் பற்றி இப்போது எழுதப் போவதில்லை. கீழ் இரண்டு அடுக்கு நனைந்துவிட்டது. மேலே உயர்த்தியது தப்பியது. நனைந்ததை உடனே அவித்தால் பாதிக்கு மேல் காப்பாற்றலாம். இரண்டு நாள் தாமதித்தால் முளைவிடும். இன்றுதான் வானம் வெளித்திருக்கிறது. கரண்ட் இல்லை, ஆனால் அடுப்புக்குக் கரண்ட் தேவையில்லை. இன்றிலிருந்து ஞாயிறு வரை இரவு பகலாக எரிப்பேன். உங்களுக்கும் இன்றுதான் வானம் வெளித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று என் முகத்தைப் பார்த்து, நான் கேட்பதற்கு முன்னமே, "அடுப்பை மூட்டுங்கோ அக்கா, நெல்லைப் பாருங்கோ" என்றீர்கள். மூட்டிவிட்டேன். ஆனால் ஒரு விஷயம். இரண்டு கிழமைக்கு முன் அறுபது கிலோவும் ஒரு ஸ்கூட்டியும் என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்தபோது எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வேறு நினைப்பில் வாசித்தால் எழுத்துத்தான் தெரியும். என்னிடம் உழவு இயந்திரமும் அதன் இழுவைப் பெட்டியும் இருக்கின்றன. நாலு உமிச் சாக்கைப் போட்டு அதன்மேல் உங்கள் குழாயை வைத்தால் ஆடாது.

வியாழக்கிழமை பறுவம், போயா நாள், உங்களுக்கு லீவு. வற்றாப்பளைப் பக்கம் கடல்நீரேரிக் கரையில் தண்ணீர் வடிந்துவிட்டதாம், றம்சீன் பார்த்துவிட்டு வந்தான். அங்கே என் புகை வராது. நாலு மணிக்கு வாசலில் நில்லுங்கள். அடுப்பை நல்லதம்பி பார்ப்பார், என் வாப்பா காலத்திலிருந்து மில்லில் வேலை செய்கிற ஆள். நானும் வருவேன்.

ஸாலிஹா

~

06.12.2025

ஸாலிஹா ராத்தாவுக்கு,

உங்கள் வீட்டில் அக்காவை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று றம்சீன் சொன்னாரோ அப்படி எழுதியிருக்கிறேன். பிடிக்காவிட்டால் திருத்துங்கள்.

இரண்டு படம் வைத்திருக்கிறேன்.

முதலாவது பறுவம். நீரேரிக்கு அக்கரையில் எழும்பிக் கொஞ்ச நேரத்தில் எடுத்தது. ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள், நெளிவே இல்லை. தண்ணீருக்கு மேலே காற்று இவ்வளவு அசையாமல் நிற்கும் என்று நான் எங்கோ வாசித்திருந்தேன். நாலு கிலோமீற்றரில் நீரேரியை வைத்துக்கொண்டு, என் முற்றத்தில்தான் எடுப்பேன் என்று இத்தனை காலம் பிடிவாதம் பிடித்தேன். 2009இல் எடுத்த முடிவில் "சொந்த முற்றம்" என்று ஒரு சொல் இருந்தது. அந்தச் சொல்லை விட மனம் வரவில்லை. அந்தப் பிடிவாதத்தால் உங்களுக்குத்தான் கரைச்சல்.

இரண்டாவது சனி. ஏழு மணிக்கு எடுத்தது. நீங்கள் கண்ணை வைத்துப் பார்த்தபோது மஞ்சள் பொட்டில் ஊசி குத்தினாற்போல என்றீர்களே, அதுதான். பன்னிரண்டாயிரம் படம் எடுத்தேன். நேற்று லீவு போட்டு முழுக்க இருந்து தெரிந்தெடுத்ததில் ஆயிரத்து இருநூறு தேறியது. அடுக்கி முடிந்து கணினித் திரையில் அந்தக் கோடு தெளிந்து வந்தபோது நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. தேநீர் ஆறிப்போனது. கோட்டுக்குக் கீழே கறுப்பாக ஒரு மயிரிழை தெரிகிறது பாருங்கள், அது வளையத்தின் நிழல். கோளின்மேல் விழுகிறது. அது கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவேயில்லை.

படத்தை வானியல் சங்கம் ஒன்றுக்கு அனுப்பினேன். எடுத்தவர், இடம், உதவி என்று மூன்று இடம் நிரப்ப வேண்டியிருந்தது. உதவி என்ற இடத்தில் உங்கள் பெயரும் றம்சீன் பெயரும் எழுதியிருக்கிறேன். கேட்காமல் எழுதிவிட்டேன்.

இன்னொரு விஷயம் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. நிலா எழும்பியபோது நீங்கள் எங்களை விட்டுத் தள்ளிப் போய்த் தண்ணீர் ஓரத்தில் நின்றீர்கள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. நான் ஏதும் பிழையாகச் சொல்லியிருந்தால் எழுதுங்கள்.

ஜெயரூபி

~

09.12.2025

தங்கச்சி ஜெயரூபிக்கு,

நீங்கள் ஒன்றும் பிழையாகச் சொல்லவில்லை. ராத்தா என்றே கூப்பிடுங்கள்.

அந்தக் கரைக்கு நான் முப்பத்தைந்து வருடமாகப் போகவில்லை. புத்தளத்திலிருந்து திரும்பி வந்து பதின்மூன்று வருடமாகிறது. சந்தைக்குப் போகிறேன், அரசாங்க அலுவலுக்குக் கச்சேரிக்குப் போகிறேன், அந்தப் பாதையால் மட்டும் போவதில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் துப்பாக்கியோடு வந்த இயக்கக்காரர் முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது எனக்கும் பதினேழு வயது. அதற்கு முதல் கிழமை ஒரு பின்னேரம் வாப்பா என்னையும் உம்மாவையும் அந்தக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார், இறால் வாங்க. அதுதான் நாங்கள் இந்த ஊரில் கடைசியாகச் சந்தோஷமாகப் போன இடம். ஒரு கிழமை கழித்து ஆளுக்கொரு பையோடு வெளிக்கிட்டோம். வாப்பா மில்லைப் பூட்டித் திறப்பை நல்லதம்பியிடம் கொடுத்தார். எங்கள் வீதியில் எல்லாரும் வாசலில் நின்று பார்த்தார்கள். கெட்ட சனம் இல்லை. சிலர் அழுதார்கள். ஆனால் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லப் பயம். எனக்கு அது விளங்கும். விளங்கினாலும் அந்த அமைதி என் காதுக்குள்ளேயே இருந்தது.

மனுவில் பதினான்கு கையெழுத்தைப் பார்த்தபோது அதே அமைதிதான் திரும்பக் கேட்டது. இனி எந்த ஊர் என்று ஒரு இரவு முழுக்க யோசித்தேன்.

பிறகு 19ஆம் திகதி நீங்கள் எழும்பினீர்கள். குகதாசன் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக உங்களை இருத்தப் பார்த்தார். நீங்கள் இருக்கவில்லை. "இந்தக் கையெழுத்து என்ர. வாசிக்காமல் வைச்சிட்டன், அது என்ர பிழை. புகையைக் குறைக்கச் சொல்லுங்கோ, நானும் கேக்கிறன். மில்லை மூடச் சொல்லாதேங்கோ. அவையள் இஞ்சதான் இருக்கோணும்" என்றீர்கள். கடைசி வசனத்தை யாரும் உங்களிடம் கேட்கவில்லை. நீங்களாகச் சொன்னீர்கள்.

எங்களுக்காக ஒரு ஆள் எழும்பி நின்று அந்த வார்த்தையைச் சொன்னதை நான் முதல் தரம் கேட்டேன். வாப்பா கேட்கவில்லை. உம்மா கேட்கவில்லை. அதனால்தான் உங்களோடு கதைக்காமல் போனேன். வாயைத் திறந்திருந்தால் அந்தச் சபைக் கந்தோர் வாசலிலேயே அழுதிருப்பேன். அந்த அழுகையை வியாழக்கிழமை வரை வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

நேற்றுப் பிரதேச சபையிலிருந்து கடிதம் வந்தது, உங்கள் கையால் குத்திய முத்திரையோடு. மில் ஓடலாம். புகைபோக்கியைப் பன்னிரண்டு அடி உயர்த்த வேண்டும், சாம்பலுக்கு வலைத்தொட்டி கட்ட வேண்டும், மூன்று மாதத் தவணை. குகதாசன் நேற்று வந்து கேற்றடியில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன். நெல் அவிக்க எப்போது கொண்டுவரலாம் என்று கேட்டார். திகதி கொடுத்தேன்.

றம்சீன் மூன்று மாதத்துக்குள் கட்டி முடியாது, இன்னும் தவணை கேட்போம் என்கிறான். நான் கேட்கமாட்டேன். மேசன் திங்கட்கிழமை வருகிறார். புகைபோக்கியின் அத்திவாரத்தை இன்னும் இரண்டு அடி ஆழமாக வெட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஸாலிஹா ராத்தா